செப்ஸ்டோ கோட்டை வில்லியம் மார்ஷலுடையதா, அவர் மனைவியுடையதா?

பொங்கோல்வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரிஸ்டலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து செவர்ன் பாலத்தைத் தாண்டினால் வேல்ஸ், தாண்டியதுமே செப்ஸ்டோ கோட்டை. வை ஆற்றுக்கு மேலே, பாறை விளிம்பை ஒட்டி நீளமாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பழைய இரட்டைக் கதவைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகடு அடித்த மரக்கதவு, 1962 வரை கோட்டை வாசலிலேயே மாட்டியிருந்ததாம், மரத்தின் வளையங்களை வைத்துப் பார்த்ததில் 1190-க்கு முந்தையது என்று தெரிந்திருக்கிறது. அம்மா அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

அந்த வாசலைக் கட்டியவர் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலோ-நார்மன் பிரபு, 1189-ல் திருமணத்தின் மூலம் கோட்டை அவருக்குக் கிடைத்தது என்று அக்கா சொன்னாள். அம்மா உடனே கேட்டார்: "பொண்ணு வீட்டு நிலத்தை மாப்பிள்ளை பேருல எழுதிக் கொடுத்துட்டாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வந்த பிறகு கொஞ்சம் படித்தேன், குழப்பம்தான் கூடியது. இளமையில் ஒரு காணி நிலம்கூட இல்லாதவர், சாகும்போது இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, நார்மண்டி நான்கிலும் நிலம். ஐந்து மகன்கள் இருந்தும் கடைசியில் எல்லாம் மகள்கள் வழியாகப் பிரிந்து போயிற்று. இது எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா? எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பார், அதனால் அவர் கேள்விக்குப் பதில் இல்லாமல் போக முடியாது.

ஈசூன்காரன் எழுதியது:

நல்ல ஆளைப் பிடித்தீர்கள், தங்கச்சி. இவரைப் பற்றிப் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஒரு நீண்ட கவிதையிலிருந்து வருகிறது. அவர் இறந்த பிறகு மூத்த மகன் ஆதரவில் பழைய பிரெஞ்சில் எழுதப்பட்டது, 19,000 வரிகளுக்கு மேல். ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1861-ல் லண்டன் ஏலத்தில் அதைப் பார்த்துவிட்டு, வாங்கியவரிடமிருந்து அதை மறுபடி கண்ணால் பார்ப்பதற்கு இருபது வருஷம் தேடினார். குடும்பமே செலவு செய்து எழுதவைத்த புகழ்ச்சி என்பதால், நம் சோழர் மெய்க்கீர்த்தியைப் படிக்கிற கவனத்தோடு இதையும் படிக்க வேண்டும். ஊர், நிலம், போர் எல்லாம் பெரும்பாலும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகும், ஆனால் பேச்சுகளை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பிறந்தது 1146 அல்லது 1147 வாக்கில். அப்பா ஜான் மார்ஷல். மார்ஷல் என்பது அரசரின் குதிரைகளையும் படை ஏற்பாட்டையும் பார்க்கும் பரம்பரைப் பதவி, அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. வில்லியம் நான்காவது மகன், ஆக நிலம் வந்து சேரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஐந்து வயது வாக்கில், 1152-ல், நியூபெரி முற்றுகையின்போது ஸ்டீபன் மன்னரிடம் பணயமாகக் கொடுக்கப்பட்டார். அப்பா வாக்கு மீறினார். பையனைத் தூக்கிலிடுவோம் என்று மன்னர் சொல்லியனுப்ப, இதைவிட நல்ல பிள்ளைகளைச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டடையும் இருக்கின்றன என்ற பொருளில் பதில் வந்ததாம். இது கவிதை சொல்லும் கதை. மன்னருக்கு மனசு வரவில்லை, பையன் பிழைத்தான்.

பிறகு நார்மண்டியில் டாங்கர்வில் பிரபு வீட்டில் போர்ப்பயிற்சி. முதல் சண்டையில் நன்றாகப் போரிட்டார், ஆனால் யாரையும் சிறைபிடித்து மீட்புப் பணம் வாங்கத் தெரியவில்லை, தன் குதிரையையும் இழந்தார், புதுக் குதிரைக்காக மேலங்கியை விற்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை. அக்காலப் போர் விளையாட்டுகளில் தோற்றவனின் குதிரையும் கவசமும் ஜெயித்தவனுக்கு, ஆளையும் பணம் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். இவரும் இன்னொரு வீரரும் கூட்டுச் சேர்ந்து பத்து மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்ததாக ஒரு எழுத்தர் கணக்கு வைத்திருந்தார் என்று கவிதை சொல்கிறது. இதில் வந்ததெல்லாம் பணமும் குதிரையும்தான். நிலம் வரவில்லை. அந்தக் காலத்தில் நிலம் இல்லாதவன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் இன்னொருவர் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும்.

1168-ல் பிரான்சின் புவாத்துவில் ஒரு பதுங்கித் தாக்குதலில் இவருடைய மாமா கொல்லப்பட்டார், இவர் காயத்தோடு பிடிபட்டார், இரண்டாம் ஹென்றி மன்னரின் மனைவி எலினோர் அரசி பணம் கொடுத்து மீட்டார். அங்கிருந்துதான் அரச குடும்பத்தின் வாசல் திறந்தது. 1170 முதல் அவர்கள் மகன் இளவரசர் ஹென்றியின் வீட்டில் சேவகம், அவர் 1183-ல் இறந்தபோது அவர் எடுத்திருந்த சிலுவைப்போர் வேண்டுதலை நிறைவேற்ற ஜெருசலேம் யாத்திரை. திரும்பியதும் இரண்டாம் ஹென்றி வடக்கே கார்ட்மெல் என்ற இடத்தைக் கொடுத்தார். வயது நாற்பதைத் தொட்ட பிறகு கிடைத்த முதல் சொல்லத்தக்க நிலம் அது.

பிறகு 1189. இரண்டாம் ஹென்றியை எதிர்த்து அவர் மகன் ரிச்சர்டே துரத்தி வந்தார், மார்ஷல் குறுக்கே நின்று ரிச்சர்டின் குதிரையை ஈட்டியால் குத்தி வீழ்த்தினார். சில வாரத்தில் ஹென்றி இறந்து அதே ரிச்சர்ட் மன்னராகிவிட்டார். தலை போகும் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ரிச்சர்ட் இவரை மன்னித்து, தந்தை வாக்களித்திருந்த மணப்பெண்ணை உறுதி செய்தார். அவர்தான் இசபெல் டி கிளேர். மாப்பிள்ளைக்கு வயது நாற்பதுக்கு மேல், பெண்ணுக்கு இருபதுகூட ஆகவில்லை.

இசபெல்லின் அப்பா ஸ்ட்ராங்போ என்று பெயர் வாங்கிய ரிச்சர்ட் டி கிளேர், அம்மா அயர்லாந்தில் லென்ஸ்டர் மன்னரின் மகள் ஈஃபா. அப்பா 1176-ல் இறந்தார், ஒரே தம்பியும் வயது வருவதற்குள் இறந்துவிட்டான், அதனால் எல்லாம் இவர் கையில். செப்ஸ்டோவும் (அப்போது ஸ்ட்ரிகில் என்பார்கள்) அதைச் சேர்ந்த நிலங்களும், அயர்லாந்தில் லென்ஸ்டர் முழுவதும், கேட்டு வாங்கவேண்டிய உரிமையாக வேல்ஸில் பெம்புரோக். குடும்ப உறவு வழியாகக் கிஃபார்ட் பரம்பரையின் பாதியும் வந்தது, அதில்தான் நார்மண்டியில் லாங்வில்லும் தேம்ஸ் கரையில் கேவர்ஷமும். சொந்தப் பரம்பரை நிலமான ஹாம்ஸ்டெட் மார்ஷல் 1194-ல் அண்ணன் இறந்த பிறகுதான் வந்தது, இவற்றோடு ஒப்பிட்டால் அது சின்னத் துண்டு.

பொங்கோல்வாசகி எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி, அப்ப அது அந்தப் பொண்ணோடதுதானே?" என்று மறுபடி அதையே கேட்கிறார்.

பத்திரக்காரன் எழுதியது:

அம்மா சரியான இடத்தில்தான் நிற்கிறார். வழக்கறிஞர் அலுவலகத்தில் வீடு வாங்க, விற்கப் பத்திரம் தயார் செய்வதுதான் என் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. அதனால் இந்த ஒரு பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

"யாருடைய நிலம்" என்று நாம் கேட்கும் கேள்வியே அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. 1066-க்குப் பிறகு இங்கிலாந்தில் எல்லா நிலமும் கடைசியில் மன்னருடையது, மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கடமைக்காக அதை வைத்துக்கொண்டிருப்பவர்கள். லென்ஸ்டரை வைத்துக்கொள்ள மன்னருக்கு 100 வீரர்களின் சேவை தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் பாளையக்காரர்கள் நாயக்கருக்குப் படை அனுப்பிப் பாளையத்தை வைத்துக்கொண்டார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அவரும் தன் கீழே உள்ளவர்களுக்கு அதே மாதிரி பிரித்துக் கொடுப்பார். ஒரு வீரனைக் குதிரை, கவசத்தோடு தாங்கக்கூடிய நிலத்தை ஆங்கிலத்தில் 'ஃபீ' என்பார்கள், தமிழில் மானியம் என்று எழுதலாம்.

இந்தச் சொல்லை நான் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரங்கள் சிலவற்றில் 'ஃபீ சிம்பிள்' (காலவரையற்ற நிலவுரிமை) என்று இருக்கும், அதே 'ஃபீ'தான். 1826-ல் நீதிமன்றச் சாசனம் வழியாக ஆங்கிலச் சட்டம் இங்கே வந்தபோது இந்த நார்மன் கணக்கும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வீடு என்கிறோம், விற்கிறோம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம், ஆனால் பத்திரத்தில் இருப்பது 99 ஆண்டுக் குத்தகை. மேலே ஒருவர் இருக்கிறார், நாம் ஒரு காலத்துக்கு, சில நிபந்தனைகளோடு வைத்திருக்கிறோம். மார்ஷல் நிலைமையும் அப்படித்தான், காலத்துக்குப் பதில் வீரர்களும் விசுவாசமும்.

இப்போது இசபெல் விஷயம். வாரிசுப் பெண்ணை மணந்தவன் அவள் நிலத்தை நிர்வகிப்பான், வருமானம் எடுப்பான், அவள் பெயரால் நீதிமன்றம் நடத்துவான். குழந்தை உயிரோடு பிறந்துவிட்டால், மனைவி முன்னால் இறந்தாலும் தன் ஆயுள் முழுக்க அந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாரிசுரிமை அவள் ரத்தத்தில்தான் ஓடும். அவன் முன்னால் இறந்தால் நிலம் மகனுக்குப் போகாது, அவளிடமே திரும்பும். அம்மாவிடம் சொல்லுங்கள், மாப்பிள்ளை பெயரில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1219 மே 14-ல் மார்ஷல் கேவர்ஷமில் இறந்தார், ஸ்ட்ரிகிலும் லென்ஸ்டரும் இசபெல் கைக்குத் திரும்பின. அடுத்த வருஷம் அவர் இறந்த பிறகுதான் மூத்த மகனுக்கு.

இன்னொன்று, எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. ரிச்சர்டுக்குப் பின் வந்த ஜான் மன்னர் பிரபுக்களுக்குக் கொடுத்த உரிமைச் சாசனமான 1215 மேக்னா கார்ட்டாவில் ஏழாவது பிரிவு, கணவன் இறந்தவுடனே விதவைக்கு அவள் பிறந்த வீட்டு நிலமும் சீதனப் பங்கும் பணம் கேட்காமல், தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. எட்டாவது பிரிவு, அவளை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதற்கு முன் மன்னர்கள் விதவைகளிடம் இதற்கெல்லாம் பணம் கறந்தார்கள். அந்தச் சாசனத்தின் தொடக்கத்தில் மன்னரின் ஆலோசகர்களாக வரும் பிரபுக்களில் முதல் பெயர் வில்லியம் மார்ஷல். ஜான் மன்னர் இறந்து, ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்காக இவர் ஆட்சியை நடத்தியபோது, 1216-லும் 1217-லும் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டதும் இவர் முத்திரையோடுதான். மன்னர் ஒரு பெண்ணைப் பரிசாகக் கொடுத்ததால் பெரிய ஆளானவர், விதவையின் நிலத்துக்குக் காவல் போட்ட தாளில் முத்திரை வைத்திருக்கிறார்.

மழைநாள் எழுதியது:

பத்திரக்காரன் சொன்னது சட்டப்படி சரி, ஆனால் அயர்லாந்துப் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. ஈஃபாவின் அப்பா டெர்மட் மெக்மரோ தன் ராஜ்யத்தை மகள் வழியாக மருமகனுக்குக் கொடுக்கும் உரிமையே ஐரிஷ் சட்டத்தில் அவருக்குக் கிடையாது. அரசுரிமை ஆண் பங்காளிகளுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் போவது. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர், படையோடு வந்தவருக்கு மகளையும் நாட்டையும் வாக்களித்தார், நார்மன்காரர்கள் அதைத் தங்கள் வாரிசுச் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆக இசபெல்லுடையது என்று சொல்வதற்குப் பின்னால் பங்காளிகளிடமிருந்து எடுத்த நிலம் இருக்கிறது. இதையும் உங்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுவிட்டால் பாதிக் கதைதான்.

ஆனால் இசபெல்லை வெறும் வாரிசுப் பத்திரமாகப் பார்க்கக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி. 1204-ல் ஜான் மன்னர் நார்மண்டியை பிரெஞ்சு மன்னர் ஃபிலிப்பிடம் இழந்தார். லாங்வில்லை விட மனமில்லாத மார்ஷல் முதலில் ஃபிலிப்புக்கு 500 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) கொடுத்துத் தவணை வாங்கினார், மறுவருஷம் ஃபிலிப்புக்கே விசுவாசப் பிரமாணம் செய்தார். ஒருவருக்கொருவர் போரிடும் இரண்டு மன்னர்களுக்கும் அவர் ஆள்! ஜானுக்கு எப்படி இருந்திருக்கும்? மூத்த மகனைப் பணயமாக வாங்கிக்கொண்டார், பிறகு இரண்டாவது மகனையும். தன் சின்ன வயதில் பட்டதை மகன்களுக்கும் நேரவிட்டாரே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

1207-ல் குடும்பத்தோடு லென்ஸ்டருக்குப் போனார். அங்கே ஜானின் அதிகாரி இவருக்கு எதிரி. சில மாதத்தில் ஜான் இங்கிலாந்துக்குத் திரும்பி வரச் சொல்கிறார், போனால் நிலம் போகும், போகாவிட்டால் துரோகி. கில்கென்னியில் தன் கீழுள்ள பிரபுக்களைக் கூட்டி, கர்ப்பிணியாக இருந்த இசபெல்லின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, இவர் பிறப்பால் உங்கள் தலைவி, உங்களுக்கு நிலம் கொடுத்தவரின் மகள், இவர் வழியாக அல்லாமல் எனக்கு இங்கே ஒன்றுமில்லை என்று சொன்னதாகக் கவிதை எழுதுகிறது. வார்த்தைக்கு வார்த்தை உண்மையோ இல்லையோ, குடும்பமே செலவு செய்து எழுதிய புகழ்ச்சிக் கவிதையில் இதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அவர் போன பிறகு எதிரிகள் தாக்கினார்கள், கில்கென்னி முற்றுகையானபோது இசபெல் ஒரு ஆளைக் கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறக்கி உதவிக்கு அனுப்பியிருக்கிறார். லென்ஸ்டர் தப்பியது.

நிலத்தை அவர்கள் சும்மா வைத்திருக்கவும் இல்லை. பாரோ ஆற்றில் நியூ ராஸ் என்ற துறைமுகத்தை வளர்த்தார்கள், ஆனால் அது கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது, கப்பல் வழிதவறாமல் வர ஹூக் முனையில் கலங்கரை விளக்கம் எழுந்தது. அதைக் கட்டியவர் மார்ஷல் என்பது வழிவழியான கருத்து, இன்றும் அது வேலை செய்கிறது. சிங்கப்பூர் நீரிணையின் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் எதற்கு என்று தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஈசூன்காரன் எழுதியது:

மழைநாள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், பங்காளி விஷயத்தை நான் விட்டிருக்கக் கூடாது.

மகன்கள் கதைக்கு வருவோம். வில்லியம் 1231, ரிச்சர்ட் 1234 (மன்னரோடு மோதி, கில்டேரில் நடந்த சண்டையில் பட்ட காயத்தால்), கில்பர்ட் 1241 (போர் விளையாட்டில் குதிரையிலிருந்து விழுந்து, அப்பாவுக்குச் சோறு போட்ட அதே விளையாட்டு), வால்டர், ஆன்செல்ம் இருவரும் 1245 கடைசியில். ஒருவருக்கும் முறையான வாரிசு இல்லை. மார்ஷல் இரண்டு பண்ணைகளைப் பறித்துக்கொண்டார் என்று ஃபெர்ன்ஸ் ஆயர் இட்ட சாபம் பலித்தது என்று மேத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்தார். சாபமோ இல்லையோ, நிலத்தகராறு இருந்தது.

மகன்களில் மூத்தவனுக்கே எல்லாம் என்ற விதி மகள்களுக்குக் கிடையாது, அவர்களுக்குச் சம பங்கு. அதனால் ஐந்து மகள்கள், ஐந்து பங்கு. 1247-ல் லென்ஸ்டரை மட்டும் பாருங்கள்: மூத்தவர் மட்டில்டா வழிக்குக் கார்லோ, இசபெல் வழிக்குக் கில்கென்னி, சிபில் வழிக்குக் கில்டேர், ஈவா வழிக்கு லீஷ், ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபோர்டு. பெம்புரோக்கும் ஜோன் மகள் வழியில் போனது. சிபிலுக்கு ஏழு மகள்கள், ஆகவே அவர்கள் ஒவ்வொருவருக்கும் மொத்தத்தில் 35-ல் ஒரு பங்கு. பங்கு கேட்டு வராத பெரிய குடும்பமே இங்கிலாந்தில் இல்லை என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மார்ஷல் பதவியை மட்டும் துண்டாக்க முடியாதே, அது மட்டில்டா வழிக்குப் போனது, செப்ஸ்டோவும் அவர் பங்கில்தான். பல கை மாறி, இன்று அந்தப் பதவி நார்ஃபோக் கோமகனிடம் இருக்கிறது. 2023-ல் மூன்றாம் சார்ல்ஸ் முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

மார்ஷலின் சமாதி லண்டன் டெம்பிள் தேவாலயத்தில், 1941 குண்டுவீச்சில் அவர் கற்சிலை சேதமடைந்தது, செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். நம் திரு லீ குவான் யூ வழக்கறிஞராகப் பதிவான மிடில் டெம்பிளும் இன்னர் டெம்பிளும் (இரண்டும் வழக்கறிஞர் சங்கங்கள்) சேர்ந்து பராமரிக்கும் தேவாலயம் அது.

பொங்கோல்வாசகி எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்தேன். கில்கென்னி இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: அவர் லண்டனில் இருக்கிறார், அந்தப் பெண் எங்கே?

மழைநாள் எழுதியது:

டின்டர்ன் மடத்தில் அடக்கம் செய்தார்கள். டின்டர்ன் இரண்டு உண்டு, குழம்பிவிடாதீர்கள். கடற்புயலில் தப்பினால் மடம் கட்டுவதாக மார்ஷல் வேண்டிக்கொண்டு வெக்ஸ்ஃபோர்டில் கட்டியது ஒன்று. இசபெல் இருப்பது வேல்ஸில் உள்ள பழைய டின்டர்ன், அதே வை ஆற்றங்கரையில், நீங்கள் பார்த்த கதவிலிருந்து எட்டு கிலோமீட்டர் வாக்கில்தான்.

பொங்கோல்வாசகி எழுதியது:

அவ்வளவு பக்கத்திலா! நாங்கள் செப்ஸ்டோவோடு திரும்பிவிட்டோம். அக்காவுக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன், சனிக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா, பூ கொண்டுபோகச் சொல் என்கிறார்.